ஓவியர் பணிக்கர்: சொந்த எழுத்தும் சொந்த நிலமும்

யாழ்ப்பாணத்து வீடுகளில், அலுமாரியின் மேல்தட்டிலோ பழைய தகரப் பெட்டியின் அடியிலோ, நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய ஒரு சாதகக் குறிப்பு பேணப்பட்டிருக்கும். பன்னிரண்டு கட்டங்கள், அவற்றினுள் கிரகங்களின் பெயர்ச் சுருக்கங்கள், ஓரங்களில் நெருக்கி எழுதப்பட்ட எண்கள். வீட்டாரில் பெரும்பாலோருக்கு அதனை வாசிக்கத் தெரியாது. ஆயினும் அந்தத் தாளைக் கையிலெடுக்கும்போது எவரும் சாதாரண கடதாசியாக எண்ணுவதில்லை. வேறொரு நம்பிக்கையோடும் வேறொரு பொருளோடும் முஸ்லிம் இல்லங்களின் சுவரிலும் எழுத்துக்கு ஓர் உயர்ந்த இடம் உண்டு. அங்கு சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் திருக்குர்ஆன் வசனத்தின் முழுப் பொருளும் விளங்காத வயதிலேயே, அவ்வெழுத்தின் வளைவிலும் நிமிர்விலும் உள்ள கம்பீரத்தைப் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். எழுத்து வாசிப்பதற்கு மட்டும் உரியதன்று, பார்ப்பதற்கும் உரியது என்பதை யாரும் கற்பிக்காமலே நாம் அறிந்து வைத்திருக்கின்றோம்.

இந்த எளிய உண்மையைத் தற்கால ஓவியத்துக்கு ஓர் அடித்தளமாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911 ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்து, 1977 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னையில் மறைந்த இவர், தென்னிந்தியாவின் நவீன ஓவிய இயக்கத்துக்குத் தலைமை தந்தவர். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தின் தாபகரும் இவரே. ஓவியத்தில் ஆர்வமில்லாதவர்கூடப் பணிக்கரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில் அவ்வாழ்க்கை இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தது. அந்நியர் ஆட்சியின் கீழ் கல்வி பெற்ற ஒரு கலைஞன் தன்னுடையதென்று சொல்லத்தக்க எதனை வரைவது என்பது முதலாவது. வரைவதை விடாமல் அவன் எவ்வாறு சோறு உண்பது என்பது இரண்டாவது. இவ்விரண்டு கேள்விகளும் இன்றும் யாழ்ப்பாணத்தில் விடை காணாமலே இருக்கின்றன.

பணிக்கரின் குடும்பம் மலையாளக் குடும்பம். பொன்னானியை அண்டிய மலபார்க் கரையோரம் அவருடைய பூர்வீகம். அக்காலத்தில் மலபாரும் கோயம்புத்தூரும் சென்னையும் ஒரே சென்னை மாகாணத்தினுள் அடங்கியிருந்தன. நீரும் தென்னையும் வயலும் நிறைந்த பொன்னானி, முஸ்லிம் மார்க்கக் கல்விக்கும் பெயர்பெற்ற பழைய துறைமுகம். மலையாள மொழியை அரபு எழுத்தில் எழுதும் மரபு அப்பகுதியில் நெடுங்காலம் வழங்கியது. நம்மிடையே அரபுத் தமிழ் வழங்கியதைப் போன்றதே அது. ஒரு மொழி தன் எழுத்தை மாற்றிக்கொண்டும் வாழக்கூடும் என்பதற்கு இவ்விரு மரபுகளும் சான்றாகும்.

சிறுவயதிலேயே நீர்வர்ணத்தில் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிய பணிக்கர், பதினேழு வயதளவில் சென்னையில் நடந்த ஆண்டுக் கண்காட்சியில் தம் ஓவியங்களை வைக்கும் அளவுக்கு முன்னேறியிருந்தார். ஆனால் தந்தையாரின் மறைவு அவருடைய கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தியது. குடும்பப் பாரத்தைச் சுமக்க வேண்டியவராகத் தந்தித் திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புள்ளியும் கோடுமாகிய குறிகளால் செய்தி அனுப்பிய இளைஞர், பிற்காலத்தில் குறிகளையே ஓவியமாக்கியமை தற்செயலே எனினும், நினைத்துப் பார்க்கத்தக்க தற்செயலாகும்.

நிரந்தர உத்தியோகத்தின் பெருமையை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1936 இல், ஏறத்தாழ 25 வயதில், சென்னை அரசினர் கலை, கைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார் பணிக்கர். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1850 இல் தொடங்கிய பள்ளி அது. அதன் முதல் இந்திய அதிபரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி அப்போது பொறுப்பில் இருந்தார். சென்னை மெரினாக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் தொழிலாளர் சிலையைக் கண்டவர்கள் அவருடைய கைத்திறனை அறிவர். அவரிடம் பயின்ற பணிக்கர், 1940 இல் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். பின்னர் உப அதிபராகி, 1957 இல் ராய் சௌத்ரியின் இடத்தில் அதிபராகவும் அமர்ந்தார். மாணவராக நுழைந்த வாயிலினூடாக அதிபராக வெளிவந்தது 1967 இல்.

பாடசாலைக்குள் மட்டும் கலை வளராது என்பதை அவர் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார். 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். பம்பாயில் சூசா, ரசா, ஹுசைன் முதலியோர் முற்போக்குக் கலைஞர் குழுவை அமைத்தது அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னரே. இலங்கையில் லயனல் வெண்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் ஆகியோர் 43 குழுவைத் தொடங்கியது அதற்கு முந்திய ஆண்டில். உலகப் போர் முடியாத அந்த நாட்களில், ஆட்சியாளரின் கலைக்கல்விக்கு வெளியே தங்களுக்கென ஒரு வழியைத் தேடும் உந்துதல் கொழும்பிலும் சென்னையிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் வழி உடனே புலப்படவில்லை. பணிக்கரின் தொடக்கக்கால நீர்வர்ணங்கள் ஆங்கிலேய மரபைச் சார்ந்தவை. அதன்பின் வந்த எண்ணெய் வர்ணங்களில் வான்கோவின் தூரிகை வேகமும் கோகனின் வர்ணத் தளங்களும் தெரிந்தன. மலபார்க் குடியானவர், தாயும் சேயும், இயேசுநாதரின் வாழ்க்கை, புத்தர் பிறந்த லும்பினி என விடயங்கள் விரிந்தன. காந்தியடிகளின் கொலையையும் பிரிவினைக் கலவரத்தையும் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சமாதானம் செய்வோர் பற்றிய விவிலியக் கருத்தை ஓவியமாகத் தீட்டியதில் அக்காலத்தின் வேதனை இருக்கிறது. இந்து மரபில் வந்த ஒருவர் கிறிஸ்துவையும் புத்தரையும் தம் காலத்துக் கேள்விகளுக்குரிய உருவங்களாக எடுத்துக்கொண்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

1954 இல் அவர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய தனிநபர்க் கண்காட்சிகள் நடந்தன. அங்குள்ள நூதனசாலைகளில், அதுவரை அச்சுப் பிரதிகளில் மட்டும் கண்டிருந்த மூல ஓவியங்களை நேரிற் கண்டார். உருவத்தைத் துறந்து வர்ணத்தையும் கோட்டையும் மட்டுமே நம்பிய அரூப ஓவியம் அங்கு ஓங்கியிருந்த காலம் அது. ஊர் திரும்பிய பலர் அந்தப் பாணியையும் கையோடு கொண்டுவந்தார்கள். பணிக்கர் கொண்டுவந்தது ஓர் அமைதியின்மையை. மேற்கின் பாணியில் எவ்வளவு திறம்பட வரைந்தாலும் அது இரவல் ஆடையே என்பதும், அஜந்தாவையோ மொகலாயச் சிற்றோவியத்தையோ திருப்பி வரைவதும் மற்றொரு வகை இரவலே என்பதும் அவருக்குத் தெளிவாயின. பத்து ஆண்டுகள் வரை இந்த அமைதியின்மை நீடித்தது. 1950 களின் பிற்பகுதியில் வரைந்த தோட்ட ஓவியங்களில் மனித உருவங்கள் மெலிந்து, மரமும் இலையும் கோடும் ஒன்றோடொன்று பின்னி, கன்வஸின் தளம் முழுவதும் பரவத் தொடங்கின.

விடை 1963 அளவில், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாணவர் ஒருவரின் கணக்குக் கொப்பி அவர் கண்ணிற் பட்டது. எண்கள், சமன்பாடுகள், கேத்திர கணித உருவங்கள், இடையிடையே ஆங்கில எழுத்துக்கள். கணக்கை அவர் வாசிக்கவில்லை, தாளைப் பார்த்தார். அது தன்னளவில் ஓர் ஓவியமாக அவருக்குத் தோன்றியது. அன்று தொடங்கிய ஓவிய வரிசையே சொற்களும் குறியீடுகளும் என்னும் பெயரால் அறியப்படுகிறது. முதலில் எண்களையும் உரோம எழுத்துக்களையும் கொண்டு வரைந்தவர், விரைவில் தம் தாய்மொழியான மலையாளத்தின் எழுத்துக்களுக்கு வந்து சேர்ந்தார். சாதகக் கட்டங்கள், ஏட்டுச் சுவடியின் நெருங்கிய வரிகள், மந்திரச் சக்கரங்கள், மீன், பறவை, பாம்பு, அட்டவணைகள் ஆகியன அவற்றோடு சேர்ந்துகொண்டன.

இந்த ஓவியங்களின் முன்னால் நிற்பவர் முதலில் வாசிக்கவே முற்படுவார். மலையாளம் அறிந்தவரும் அவ்வாறே செய்து தோற்றுப்போவார். எழுத்துக்கள் எழுத்துக்களைப் போல இருக்கும்; சொற்களாகச் சேராது. கட்டம் சாதகத்தைப் போல இருக்கும். எவருடைய பலனையும் சொல்லாது. பணிக்கர் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. பொருளைத் தேடும் மனம் களைத்து ஓய்ந்த பிறகே கண் வேலை செய்யத் தொடங்குகிறது. அப்போது எழுத்தின் வளைவும், வரியின் சீரும், மங்கிய மஞ்சளும் காவியும் பழுப்பும் சேர்ந்து, மிகப் பழைய ஏதோ ஒன்றைத் தொட்ட உணர்வு மிஞ்சுகிறது. அந்த அனுபவம் மேற்கின் அரூப ஓவியம் தரும் அனுபவத்துக்குக் குறைந்ததன்று. ஆனால் அதற்கான பொருட்கள் யாவும் நம் வீட்டு அலுமாரியில் இருந்தவை.

இது ஒரு தனி மனிதரின் விசித்திரமான எண்ணமன்று. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் பலவற்றில் அதே வேளையில் அதே தேடல் நடந்தது. சூடானைச் சேர்ந்த இப்ராஹிம் எல்-சலாஹி இலண்டனில் ஓவியம் பயின்று 1957 இல் தாயகம் திரும்பினார். கார்ட்டூமில் அவர் வைத்த கண்காட்சியை மக்கள் பொருட்படுத்தவில்லை. தம் மக்களின் வீடுகளில் எது அலங்காரமாக இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டவர், அரபு எழுத்தணியைக் கண்டு, அதனை ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். தென்னமெரிக்காவில் உள்ள கயானாவில் 1926 இல் பிறந்த ஓப்ரி வில்லியம்ஸ், விவசாய உத்தியோகத்தராகப் பூர்வ குடிகளிடையே பணியாற்றியவர். 1952 இல் இலண்டன் சென்று அரூப ஓவியராகப் பெயர்பெற்ற அவரும், தம் நாட்டுப் பாறைகளில் பூர்வ குடிகள் செதுக்கிய குறிகளையே கன்வஸில் மீண்டும் எழுப்பினார். கார்ட்டூமும் கயானாவும் சென்னையும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்தன. அரூபம் மேற்கின் தனிச்சொத்தன்று. குறியையும் எழுத்தையும் தாங்கிய எந்தச் சமூகத்துக்கும் அது பூர்வீகச் சொத்து.

பணிக்கரை அவர்களிடமிருந்து வேறுபடுத்துவது இரண்டாவது கேள்விக்கு அவர் கண்ட விடையே. கலைப் பள்ளியிலிருந்து வெளியேறும் மாணவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை அதிபராக இருந்து ஆண்டுதோறும் பார்த்தவர் அவர். ஓவியம் வாங்குவோர் சென்னையில் அரிது. துணி ஆலையிலோ விளம்பர நிறுவனத்திலோ வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தவர் சில ஆண்டுகளில் வரைவதை மறந்துபோவார். அரச உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்க அவர் விரும்பவில்லை. ஓவியரின் கை கைவினையும் செய்யவல்லது. கைவினைப் பொருளை மக்கள் வாங்குவர். அந்த வருமானம் ஓவியத்தைக் காப்பாற்றும். இதுவே அவர் போட்ட கணக்கு.

இளம் ஓவியர்கள் கைவினைஞர் சங்கமொன்றை அமைத்து, பத்திக் துணிகள், தோல் வேலைகள், உலோக, மட்பாண்டப் பொருட்கள் ஆகியவற்றைச் செய்தனர். மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது என்னும் பத்திக் நுட்பம் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. அதில் கோடும் வர்ணமும் அறிந்த ஓவியரின் கை பட்டபோது துணிகள் நன்கு விலைபோயின. அந்தப் பணத்தைக் கொண்டு, நகருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சவுக்கும் மணலுமாகக் கிடந்த கடலோர நிலத்தை அவர்களே வாங்கினர். 1966 இல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் இணைந்தனர். ஆரம்பத்தில் குடிசைகளே இருந்தன. மாலையில் கைவினை, மற்ற வேளையில் ஓவியம் என்று வாழ்க்கை நடந்தது. எந்த வள்ளலின் பெயரும் அந்த நிலத்தின் உறுதியில் இல்லை.

அங்கு வாழ்ந்தவர்களுள் ஜெ. சுல்தான் அலியைத் தனியே குறிப்பிட வேண்டும். 1920 இல் பம்பாயில் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற இவர், மத்திய இந்தியாவின் பஸ்தார்ப் பழங்குடிகளின் உருவங்களைத் தம் ஓவியத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். காளையும் நாகமும் அவருடைய கன்வஸ்களில் எழுந்து நின்றன. அவற்றின் மேல் எழுத்துக்களும் ஓடின. முஸ்லிம் ஒருவர் பழங்குடிகளின் தொன்மங்களையும், மலையாளி ஒருவர் சாதகக் கட்டத்தையும், தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் தத்தம் நினைவுகளையும் ஒரே மணற்பரப்பில் இருந்து வரைந்தனர். எவரும் தம் அடையாளத்தை விடவில்லை. எவரும் அதனை மற்றவருக்கு எதிராகத் தூக்கிப் பிடிக்கவுமில்லை. சுல்தான் அலி 1990 இல் மறையும் வரை அந்தக் கிராமத்துடன் அவருடைய பெயர் இணைந்திருந்தது.

அனைத்தும் இனிதே நடந்தன என்று எழுதுவது வரலாறாகாது. கே. ராமானுஜம் என்னும் அபூர்வமான இளம் ஓவியர், உளநோயால் துன்புற்றவர், பணிக்கரின் அரவணைப்பில் அங்கு வாழ்ந்து, கனவு நகரங்களைப் பேனாவாலும் மையாலும் வரைந்தார். 1973 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு குடியிருப்பால் எல்லாத் தனிமையையும் போக்கிவிட முடியாது என்பதை அந்த இழப்பு உணர்த்தியது. கைவினை வேலை ஓவியத்துக்குரிய நேரத்தை விழுங்குகிறது என்ற முறைப்பாடும் எழுந்தது. சிலர் பாரிசுக்கும் பெங்களூருக்கும் சென்றனர். எழுத்தையும் சக்கரத்தையும் கன்வஸில் இடுவதே இந்தியத் தன்மை என்ற மலிவான சூத்திரம் ஒன்று பணிக்கருக்குப் பின் பலரிடம் பரவியதும் உண்மை. தேடிக் கண்டடைந்தவருக்கு அது விடை. பார்த்து எழுதியவருக்கு அதுவும் இரவலே. இக்குறைகளை மறைக்காமல் பார்த்தாலும், கலைஞர்கள் தம் உழைப்பால் வாங்கி, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்துவரும் நிலம் என்ற அளவில் சோழமண்டலத்துக்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

ஓய்வுபெற்ற பின் பணிக்கர் ஏறத்தாழ பத்து ஆண்டுகளே வாழ்ந்தார். அவருடைய முதிர்ந்த ஓவியங்கள் பல அக்காலத்தவை. லலித் கலா அகாதமி அவருக்கு உயரிய கௌரவத்தை வழங்கியது. 1977 ஜனவரியில் அவர் மறைந்தபின், திருவனந்தபுரம் நூதனசாலை வளாகத்தில் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக் கூடம் அமைக்கப்பட்டது. அவருடைய மகன் நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் பெயர்பெற்று, 2017 இல் மறையும் வரை கிராமத்தை முன்னின்று நடத்தினார். 2009 இல் அங்கு ஒரு நூதனசாலையும் திறக்கப்பட்டது. சென்னை இயக்கத்தின் ஓவியங்கள் எங்கே என்று கேட்பவருக்கு இன்று காட்டுவதற்கு ஒரு கட்டிடம் உண்டு.

அதே கேள்வியை யாழ்ப்பாணத்தில் கேட்டால் நாம் எதைக் காட்டுவது? இங்கும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. எஸ்.ஆர். கனகசபை 1938 இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியபோது, பணிக்கர் இன்னும் மாணவராகவே இருந்தார். குருநகர் தந்த ஓவியர் அ. மாற்கு ஒரு தலைமுறை இளைஞரை நவீன ஓவியத்தின் பக்கம் திருப்பியவர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் வெறுமையாகி மக்கள் வெளியேறியபோது, அவருடைய படைப்புக்களிற் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990 ஒக்ரோபரில், வடக்கின் முஸ்லிம் மக்கள் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் சுவர்களில் எந்தெந்த எழுத்துக்கள் இருந்தன என்பதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. 1981 இல் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பணிக்கர் தேடிக் கண்டெடுத்த மூலப்பொருள் நம் கையில் இருந்தது. நாம் அதனை அறியாமலும் காக்க முடியாமலும் இழந்தோம்.

இழந்ததை எண்ணிப் புலம்புவதற்காக இதனை எழுதவில்லை. பணிக்கரின் வாழ்க்கை காட்டும் வழி பெரும் பணத்தையோ அரச கட்டளையையோ எதிர்பார்ப்பதன்று. கூட்டுறவு யாழ்ப்பாணத்துக்குப் புதியதுமன்று. பனை தென்னைவளச் சங்கங்களையும் கடற்றொழிலாளர் சங்கங்களையும் கட்டி நடத்திய மண் இது. பனையோலையில் பெட்டி இழைக்கும் கையும், பல்கலைக்கழகத்தில் சித்திரம் பயின்று வேலையின்றி நிற்கும் கையும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால், ஒரு சிறு நிலமும் அதிலொரு காப்பகமும் எட்டாத கனவல்ல. மீண்டு வந்துள்ள முஸ்லிம் குடும்பங்களின் எழுத்தணி மரபுக்கும் அங்கு உரிமையோடு ஓரிடம் இருக்க வேண்டும்.

சித்திரம் என்பது சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம் என்ற அளவில் நம் பிள்ளைகளுக்கு அறிமுகமாகிறது. அவர்களுக்கு வான்கோவைக் காட்டுவது நல்லது. அதற்கு முன், வீட்டு அலுமாரியில் மஞ்சள் பூசிக் கிடக்கும் அந்தத் தாளையும், சுவரில் சட்டமிட்டிருக்கும் அந்த வசனத்தையும் ஒரு முறை வாசிக்காமல் பார்க்கச் சொல்லலாம். பணிக்கர் தொடங்கியது அங்கிருந்துதான்.